ஆஸ்பத்திரிக் கட்டிலும் லயத்துக் கட்டிலும்

கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவரும் புதினங்களில் ஒன்று அங்குள்ள கட்டிலைப் பற்றியது. "ஒரு பொத்தான அமுக்குனா தலமாடு தானா எழும்புதுங்க. இன்னொன்ன அமுக்குனா மொத்தக் கட்டிலும் மேல போகுது, கீழ வருது" என்று லயத்து வாசலில் நின்று சொல்லுவார்கள். கேட்பவர்கள், "ம்... அதெல்லாம் பெரிய எடத்து வசதி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள்.

அது வெறும் வசதிக்காகச் செய்த கட்டில் இல்லை என்பதை விளங்கப்படுத்தவே இந்தப் பாடம். மின்சாரக் கட்டிலின் ஒவ்வோர் அசைவுக்கும் வைத்தியக் காரணம் ஒன்று இருக்கிறது. தலைமாடு உயருவது மூச்சுக்காகவும் சாப்பாட்டுக்காகவும். முழங்கால் பக்கம் மடிவது நோயாளி சறுக்கித் தோல் புண்ணாகாமல் இருப்பதற்காக. கட்டில் இறங்குவது நோயாளி விழாமல் இருக்க. ஏறுவது தாதியின் இடுப்பைக் காப்பாற்ற. இதைத் தெரிந்துகொண்டால் நமக்கு இரண்டு நன்மைகள் உண்டு. வாட்டில் நம்முடைய ஆள் படுத்திருக்கும்போது எதைச் செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பது புரியும். இரண்டாவது நன்மைதான் பெரியது. பாரிசவாதம் வந்த தாயையோ, மலைச்சரிவில் விழுந்து தொடையெலும்பு முறிந்த தகப்பனையோ துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அந்தக் கட்டில் கூட வருவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் கட்டில் செய்த வேலையை வீட்டு ஆட்கள்தான் செய்ய வேண்டும். அதைச் செய்யலாம் என்பதே நாம் சொல்ல வருவது. முழுக்கச் செய்ய முடியாவிட்டாலும் பெரும்பகுதியைச் செய்யலாம்.

கட்டிலுக்குள் என்ன இருக்கிறது

ஆஸ்பத்திரிக் கட்டிலை மடக்கி நிமிர்த்தும் யோசனை பழையது. வில்லிஸ் கேட்ச் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் 1909ஆம் ஆண்டளவில், படுக்கைப் பலகையை மூன்று துண்டாக்கி, கால்மாட்டில் உள்ள கைபிடியைச் சுழற்றினால் முதுகும் முழங்காலும் உயரும்படி ஒரு கட்டிலை அமைத்தார். இன்றும் நம் நாட்டு வாட்டுகளில் கைபிடி வைத்த கட்டில்களைப் பார்க்கலாம். குனிந்து சுழற்ற வேண்டும், நேரம் எடுக்கும் என்பதைத் தவிர அவற்றில் குறை இல்லை.

மின்சாரக் கட்டிலில் அந்தக் கைபிடியின் வேலையை மோட்டார் செய்கிறது. கட்டிலின் அடியில் நீண்ட குழாய் போன்ற சாமான்கள் இருக்கும். அவற்றுக்குள் மோட்டார் ஒரு நீட்டுத் திருகாணியைச் சுற்றும். அது சுற்றச் சுற்றத் தண்டு நீளும் அல்லது உள்ளே இழுபடும். தலைமாட்டுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று, உயரத்துக்கு வேறு என்று தனித்தனியாக உண்டு. சுவரிலிருந்து வருகின்ற 230 வோல்ட் மின்சாரத்தைப் பெரும்பாலான கட்டில்கள் 24 வோல்ட்டாகக் குறைத்தே மோட்டாருக்குக் கொடுக்கின்றன. நோயாளிக்குச் சேலைன் ஏறும், சிறுநீர் கசியும், தண்ணீர் கொட்டும். அந்த இடத்தில் முழு மின்சாரம் ஓடக் கூடாது அல்லவா?

"கரண்டு போனா என்ன செய்வாங்க?" என்று கேட்பது நியாயம். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்ததை நாம் மறந்துவிடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஜெனரேட்டர் உண்டு. பல கட்டில்களில் பற்றரியும் உண்டு. அதைத் தவிர, தலைமாட்டை ஒரே நொடியில் தட்டையாக்கும் கைப்பிடி ஒன்றும் பக்கத்தில் இருக்கும். நோயாளியின் இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அமுக்கி உயிர் கொடுக்க உடம்பு சமமாகக் கிடக்க வேண்டும். மோட்டார் மெதுவாக இறக்கும் வரை காத்திருக்க முடியாது. ஆகவே "இது என்னான்னு பாப்போம்" என்று அதை யாரும் இழுத்துப் பார்க்கக் கூடாது. தலை உயர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர் திடீரென்று சாய்ந்துவிடுவார்.

தலைமாடு ஏன் உயருகிறது

மல்லாந்து படுத்தால் வயிற்றுக்குள் இருக்கும் குடல், ஈரல் எல்லாம் மேலே தள்ளி நுரையீரலுக்கு அடியில் உள்ள தசையை நெருக்கும். சுகமான ஆளுக்கு அது தெரியாது. நெஞ்சில் சளி கட்டியவருக்கும், இதயம் பலவீனமானவருக்கும், நிறைமாதக் கர்ப்பிணிக்கும் தெரியும். தலைமாட்டை உயர்த்தினால் அந்தப் பாரம் கீழே இறங்கி மூச்சு விட இடம் கிடைக்கும்.

இன்னொரு காரணம் இரைப்பையில் இருக்கிறது. தட்டையாகக் கிடக்கும் நோயாளிக்கு இரைப்பையில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் நியூமோனியா உண்டாகும். செயற்கைச் சுவாச மெஷினில் இருந்தவர்களை வைத்து ஸ்பெயின் நாட்டு பார்சலோனாவில் செய்த ஆராய்ச்சி ஒன்று 1999இல் வெளிவந்தது. தட்டையாகப் படுக்க வைத்தவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு நியூமோனியா இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. தலைமாட்டை 45 பாகைக்கு உயர்த்தி வைத்தவர்களில் நூற்றுக்கு 8 பேருக்குத்தான். கட்டிலின் கோணத்தை மாற்றியதில் கிடைத்த பலன் அது. உலகம் முழுவதும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தலைமாட்டை உயர்த்தியே வைப்பதற்கு இப்படியான அனுபவங்கள்தான் காரணம்.

பாகை என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும், நமக்கு மறந்திருக்கும். சுவர் மணிக்கூட்டைப் பாருங்கள். முள் மூன்றில் நின்றால் தட்டை. இரண்டுக்கு ஏறினால் 30 பாகை. இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் என்றால் 45 பாகை. சில கட்டில்களின் ஓரத்தில் இதைக் காட்டும் சின்ன அளவுகோல் இருக்கும்.

பாரிசவாத நோயாளிக்கு இது உயிர்ப் பிரச்சினை. வாயும் தொண்டையும் ஒரு பக்கம் இழுத்துப் போனால் விழுங்கும் வேலை தடுமாறும். தண்ணீர் குடித்தவுடன் இருமல் வருவதும், பேச்சுக் குரல் கரகரவென்று ஈரமாக மாறுவதும், சோறு கன்னத்துக்குள்ளேயே தங்குவதும் அடையாளங்கள். அப்படிப்பட்டவருக்குப் படுத்த நிலையில் கஞ்சி புகட்டுவது நுரையீரலுக்குள் ஊற்றுவதற்குச் சமம். நல்ல மனதோடுதான் செய்கிறோம், "ரெண்டு வாயாவது குடிங்கம்மா" என்று கெஞ்சித்தான் கொடுக்கிறோம். என்றாலும் ஆபத்து ஆபத்துதான். முதலில் தாதியிடம் கேட்டு, நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, நாடியைக் கொஞ்சம் கீழே தாழ்த்திய பிறகு சின்னக் கரண்டியால் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு அரை மணித்தியாலம் வரை படுக்க விடக் கூடாது.

ஆனால் எல்லாருக்கும் தலைமாட்டை உயர்த்தலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கான் தாண்டும்போது விழுந்தவர், மரத்திலிருந்து விழுந்தவர், லொறியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர் ஆகியோருக்கு முதுகெலும்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அவர்களைத் தட்டையாக வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். "பாவம், ஒரேயடியா மல்லாந்து கெடக்கிறாரே" என்று இரக்கப்பட்டுப் பொத்தானை அமுக்கினால் கால் இரண்டும் விளங்காமல் போகக்கூடிய காரியமாகிவிடும். தாதிகள் சில கட்டில்களின் பொத்தான்களைப் பூட்டி வைப்பதும் இதற்காகத்தான். (இதே காரணத்தால், விழுந்தவரைக் கம்பளிக்குள் போட்டு நாலு மூலையையும் பிடித்துத் தூக்கி வரும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்சுக்குச் சொல்லுங்கள், காசு இல்லை. பாதை வரை கொண்டுவர வேண்டுமென்றால் கதவுப் பலகை போன்ற கெட்டியான ஒன்றில் உடம்பு வளையாமல் கொண்டுவாருங்கள்.)

ஆகவே நாமாக அமுக்காமல் கேட்க வேண்டும். கண்டியிலும் பேராதனையிலும் தாதிகளில் பலர் சிங்களம் பேசுபவர்கள். தமிழில் சொல்லிப் புரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறோம். அது நோயாளிக்குத்தான் கெடுதல். "மிஸ், ஹுஸ்ம கன்ன அமாருய். ஒளுவ பெத்த டிக்கக் உஸ்ஸன்ன புளுவன்த?" என்று கேட்டால் போதும். மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருக்கிறது, தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்த முடியுமா என்று அர்த்தம். இலக்கணம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

முழங்கால் மடிவும் படுக்கைப் புண்ணும்

இந்தப் பாடத்தில் நாம் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். ஏனென்றால் தோட்டத்தில் படுக்கையில் கிடந்தவர்கள் பலர் வந்த நோயோடு போராடி, பிறகு படுக்கைப் புண்ணோடு போராடி மெலிந்து போனதை நாம் கண்டிருக்கிறோம்.

கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிப் பழகியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நிறுவைக்குக் கூடையை இறக்கியதும் நெற்றியில் தடம் தெரியும். கயிறு அமுக்கியபோது அந்த இடத்துக்கு இரத்தம் போகவில்லை. எடுத்தவுடன் இரத்தம் பாய்ந்து சிவக்கிறது. கொஞ்ச நேரத்தில் தடம் மறைகிறது. அந்தக் கூடையை நாள் முழுக்க இறக்காமலே வைத்திருந்தால்? படுக்கையில் அசையாமல் கிடப்பவருக்கு அதுதான் நடக்கிறது. எலும்பு துருத்தும் இடங்களான இடுப்பின் பின்பக்கம், இரண்டு பிட்டம், குதிகால், தோள்பட்டை, பின்தலை ஆகியவற்றில் உடம்பின் சொந்தப் பாரமே தோலை அமுக்கிச் சாகடிக்கிறது.

அமுக்கம் ஒன்று, இழுவை மற்றொன்று. தலைமாட்டை மட்டும் உயர்த்தினால் நோயாளி மெதுவாகக் கால்மாட்டை நோக்கிச் சறுக்குவார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு கீழே நழுவும். நடுவில் உள்ள சின்ன இரத்தக் குழாய்கள் முறுகிக் கிழியும். வெளியே ஒன்றும் தெரியாது. நாலு நாள் கழித்து ஆழமான புண்ணாக வாய் திறக்கும். இதற்காகத்தான் நல்ல தாதி முதலில் முழங்கால் பக்கத்தை உயர்த்திவிட்டுப் பிறகு தலைமாட்டை உயர்த்துகிறார். முழங்கால் மடிந்திருந்தால் உடம்பு சறுக்காது. சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரங்களில் 30 பாகைக்கு மேல் வைக்காமல் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு மட்டும் வைத்தியர் சொல்லும் அளவு.

புரட்டுவது பற்றி ஒரு வரலாறு உண்டு. முதுகெலும்பு முறிந்தவர்கள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்க் கிருமியாலும் செத்துப்போனார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் அவர்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். மின்சாரக் கட்டில் இல்லாத காலம். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளிகளைப் புரட்ட வேண்டும் என்று கட்டளையிட்டு, நடுச்சாமத்தில் தானே வந்து பார்ப்பாராம். நோயாளிகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களை அவர் சும்மா இருக்க விடவில்லை. 1948இல் விளையாட்டுப் போட்டி வைத்தார். அதுதான் பின்னாளில் பராலிம்பிக் ஆனது. புரட்டிப் போட்ட கைகளில் இருந்து தொடங்கிய விளையாட்டு என்று சொல்லலாம்.

இன்று காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தைகள் கூட வந்துவிட்டன. அவை உதவும், ஆனால் புரட்டுவதை நிறுத்தும் அளவுக்கு உதவாது.

இறங்கும் கட்டில், ஏறும் கட்டில்

நோயாளியைக் கழுவவும் உடுப்பு மாற்றவும் தாதி கட்டிலைத் தன் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுகிறார். வேலை முடிந்ததும் இறக்கிவிட வேண்டும். உயரத்தில் விட்டுவிட்டுப் போனால், இரவில் மூத்திரத்துக்கு எழும்பும் வயதானவர் தரை பக்கத்தில் இருப்பதாக நினைத்துக் கால் வைப்பார். வயதானவரின் தொடையெலும்பு ஒரு தடவை முறிந்தால் பிறகு அவர் பழையபடி நடப்பது அரிது. நீங்கள் பார்க்கப் போயிருக்கும்போது கட்டில் உயர்ந்தே நின்றால், "மிஸ், இறக்கி விடுறீங்களா?" என்று கேட்பதில் தப்பில்லை. நான்கு சில்லுக்கும் பிரேக் போட்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

இறங்கும் கட்டிலுக்குக் கீழே பை, சாப்பாட்டுக் கெரியர், தேமொஸ் வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் புகுந்து விளையாடுவதையும் தடுக்க வேண்டும்; மோட்டார் கையையும் தலையையும் பார்த்து நிற்காது. பொத்தான் பெட்டியைப் பிள்ளையின் கையில் விளையாடக் கொடுப்பவர்களும் உண்டு. அதைப் பற்றி என்ன சொல்ல!

பக்கத்துக் கம்பிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "கம்பி போட்டாச்சு, இனிப் பயமில்ல" என்று நாம் நிம்மதியாகி விடுகிறோம். புத்தி தெளிவாக உள்ளவருக்குக் கம்பி பிடித்துத் திரும்ப உதவும். தடுமாற்றத்தில் உள்ளவரோ அதன் மேல் ஏறித் தாண்டப் பார்ப்பார். அப்போது விழும் உயரம் இன்னும் கூடுகிறது. கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் தலையோ கழுத்தோ மாட்டிக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவில் 1985 தொடங்கி 2009 ஜனவரி முதலாம் திகதி வரை இப்படி மாட்டிக்கொண்ட 803 சம்பவங்கள் அரசாங்கத்துக்கு அறிவிக்கப்பட்டன. அவற்றில் 480 பேர் இறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த சர்வதேச விதிகள், தலை நுழையாதபடி கம்பிகளின் இடைவெளி 120 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு சாண் கூட இல்லை. ஆகவே கம்பியை மட்டும் நம்பி நோயாளியை விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். விழாமல் பார்க்க நல்ல வழி கட்டிலைத் தாழ்த்துவதும், தண்ணீரையும் கண்ணாடியையும் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும், மூத்திரத்துக்குக் கேட்கும் முன்பே நாம் கேட்பதும்தான்.

லயத்துக்கு வந்த பிறகு

இனி நம்முடைய காம்பராவுக்கு வருவோம். முதல் கேள்வி பாயா, கட்டிலா? "தரையில போட்டா விழ மாட்டாங்க" என்பது உண்மைதான். ஆனால் சிமெந்துத் தரையின் ஈரமும் குளிரும் ஏறும். பார்க்கிறவர் நாளுக்குப் பத்துத் தடவை முழங்காலில் நிற்க வேண்டும். நோயாளி எழும்பி நிற்கப் பழகுவதற்கும் வழி இராது. எங்கள் அபிப்பிராயம் கட்டில்தான். நோயாளி ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பட்டு, முழங்கால் நேர்மூலையாக மடிய வேண்டும்; அதுவே சரியான உயரம். உட்கார்ந்தவுடன் எழுப்பாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, தலைசுற்று இல்லை என்றால் மட்டும் எழுப்புங்கள். கட்டிலைச் சுவரோடு போட்டால் இடைவெளி இல்லாமல் நெருக்கிப் போட வேண்டும். கை நுழையும் சந்து கூட ஆபத்து. விழாமல் இருக்கச் சேலையால் கட்டிப் போடுவதை ஒருபோதும் செய்ய வேண்டாம்.

தலைமாட்டை உயர்த்த மோட்டார் வேண்டாம், ஒரு மரக் கதிரை போதும். கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்து, முதுகுப் பலகை சரிவாக நோயாளியின் பக்கம் வரும்படி தலைமாட்டில் வைத்து, அது நகராமல் கட்டிலின் தலைச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். மேலே தலையணைகளைப் படிப்படியாகப் போட்டால் நல்ல சாய்வு கிடைக்கும். வெறும் தலையணைகளை அடுக்கினால் கழுத்துத்தான் மடியும், நெஞ்சு உயராது. சாய்த்த பிறகு முழங்காலுக்குக் கீழே சுருட்டிய கம்பளி ஒன்றை வையுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலின் முழங்கால் மடிவு இதுதான். ஒன்று மட்டும் கவனம்: இராத்திரியில் படுக்க முடியாமல், உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது என்று ஒருவர் சொன்னால் அது தலையணையால் தீரும் காரியம் இல்லை. இதயம் களைத்திருக்கலாம். காலையில் பார்ப்போம் என்று விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

புரட்டுவதற்குச் சேலை ஒன்றை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வரும்படி அடியில் விரித்து வையுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் சேலையைச் சுருட்டிப் பிடித்து ஒன்றாகத் தூக்கி நகர்த்த வேண்டும். கக்கத்தில் கை கொடுத்து இழுத்தால் தோல் உரியும். பாரிசவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு கழன்றுவிடும். பக்கவாட்டில் திருப்பும்போது முழுக்கச் சரித்து இடுப்பெலும்பில் நிற்க வைக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதிச் சரிவில் விடுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எங்கும் படாமல் தொங்க வேண்டும். சிலர் ரப்பர் வளையம் வாங்கிக்கொண்டு வந்து பிட்டத்துக்கு வைக்கிறார்கள். அது வளையத்தைச் சுற்றியுள்ள தோலை நெருக்கி இரத்தத்தைத் தடுக்கும், வேண்டாம். ஈரம் படாமல் இருக்கப் படங்கைப் போடுவதென்றால் அதன் மேல் இரண்டு மடிப்புப் பருத்தித் துணி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வியர்த்துத் தோல் ஊறிப்போகும்.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அமுங்கிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அமுக்கி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் தப்பித்தோம். வெளுக்காமல் அப்படியே நின்றால் அதுதான் புண்ணின் தொடக்கம். நம்முடைய நிறத்தில் சிவப்புச் சரியாகத் தெரியாது. ஆகவே கருத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பாருங்கள். அப்படி இருந்தால் தேய்க்கக் கூடாது, தைலமும் வேண்டாம். அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்து, அன்றைக்கே தோட்ட வைத்தியருக்கோ குடும்பநல மாதுவுக்கோ காட்டுங்கள்.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: "ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா யாருங்க திருப்புறது? மலைக்குப் போகாட்டி பேர் போயிருமே." இதற்கு லேசான பதில் எங்களிடம் இல்லை. பெரும்பாலும் மகளோ மருமகளோ வேலையை விட்டு நிற்கிறார். அடுப்பில் அது தெரிகிறது. மகன்மாரும் மருமகன்மாரும் இந்த வேலையைக் கற்றுக்கொண்டால் அந்தப் பாரம் பாதியாகும் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுகிறோம். தூக்குவதற்கு ஆம்பிளைகளின் தோள் நல்லது. லயத்தில் வேலைக்குப் போகாத பெரியவர்கள் இருவர் பகலில் முறைவைத்து வந்து திருப்பிவிட்டால், பிரட்டுக்குப் போகும் முன் ஒரு தடவையும், பகல் சாப்பாட்டுக்கு ஒரு தடவையும், வேலை முடிந்து வந்து ஒரு தடவையும் வீட்டார் பார்த்துக்கொள்ளலாம். சுவரில் ஒரு கலண்டர்த் தாளை ஒட்டி, எந்த நேரம் எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். எழுதாவிட்டால், "நீ திருப்பினியா?" "இல்ல, ஒங்க அக்கா திருப்பியிருப்பா" என்ற கதைதான். நல்ல ஸ்பொஞ்ச் மெத்தை இருந்தால் இரவில் இடைவெளியைக் கூட்டலாமா என்பதை வாட்டுத் தாதியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் அது மாறும்.

கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள சொந்தக்காரர் பழைய மின்சாரக் கட்டில் ஒன்றை அனுப்புவதாகச் சொன்னால் சந்தோஷப்படலாம். ஆனால் வண்டி ஏற்றும் முன் அளந்து பாருங்கள். அது ஏழு அடி நீளமும் மூன்றடிக்கு மேல் அகலமும் இருக்கும். காம்பராக் கதவுக்குள் நுழையுமா, போட்ட பிறகு இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். மூன்று முள் பிளக்கும் எர்த்தும் உள்ள இடத்தில்தான் பொருத்தலாம். பல்ப் ஹோல்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுப்பது கட்டிலையே சாவுக் கட்டில் ஆக்கிவிடும். இடமோ வயரிங்கோ சரியில்லை என்றால் கைபிடி சுழற்றும் கட்டிலைக் கேட்டு வாங்குங்கள். அது நம்முடைய லயத்துக்கு இன்னும் பொருத்தம் என்றுகூடச் சொல்வோம்.

துண்டு வெட்டும் நாள் காலையில் வாட்டில் பெரிய அவசரமாக இருக்கும். ஆகவே முதல் நாளே, வீட்டில் பார்க்கப் போகிற ஆளையே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள். வேன் பேசப் போகிறவர் பிறகு வரலாம். அவர் தாதியின் முன்னால் தன் கையாலேயே ஒரு தடவை திருப்பிக் காட்டட்டும், ஒரு தடவை நிமிர்த்திச் சாப்பாடு கொடுத்துக் காட்டட்டும். எந்தப் பக்கம் படுக்கக் கூடாது, தலைமாடு எவ்வளவு உயரலாம், எப்போது நிற்கப் பழக்கலாம், உடற்பயிற்சிக்காரரிடம் அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்ற நாலையும் கேட்டுக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். சிங்களத்தில் எழுதித் தந்தாலும் பரவாயில்லை. தோட்டத்தில் வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.